மின்கணு ஒதுக்கீடு (தொகுசுற்றுத் தளவமைப்பு)

மின்கணு ஒதுக்கீடு என்பது, தொகுசுற்று ஒன்றின் தளவமைப்பை வரையும் மென்பொருளில், ஒவ்வொரு கடத்து வடிவமும் எந்த மின்னிணைப்பைச் சேர்ந்தது என்று குறித்துக் கொடுத்தலும், அக்குறிப்பு வரையப்பட்ட வடிவங்களோடு பொருந்துகின்றதா என்று கண்டறிதலும் ஆகும். சுற்று ஒன்றில் கம்பிகளால் ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும் முனைகள் அனைத்தையும் சேர்த்து ஒரு மின்கணு என்பர். பொறியாளர் வழக்கில் இது 'நெட்' எனப்படும். ஒரு சுற்றில் உள்ள திரிதடையங்களும் (டிரான்சிஸ்டர்கள்) அவற்றின் ஒவ்வொரு முனையும் சேரும் மின்கணுவும் எழுதப்பட்ட பட்டியல் இணைப்புப் பட்டியல் ('நெட்லிஸ்ட்') ஆகும்.

சுற்றுப்படம் என்பது இணைப்புகளைக் கூறுவது; தளவமைப்பு என்பது வடிவங்களைக் கூறுவது. முன்னதில் நீளம், அகலம் இல்லை. பின்னதில் பெயர் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே மின்கணு ஒதுக்கீடு. இதில் பிழை நேர்ந்து அது கண்டறியப்படாமல் போனால், பல வாரங்கள் கழித்து ஆலையிலிருந்து திரும்பி வரும் சில்லு இயங்காது. சில்லின் உள்ளே கம்பி ஒன்றை வெட்டி ஒட்டுவது பெரும்பாலும் இயலாத செயலாதலால், ஒளிமறைப்புகளை ('மாஸ்க்') மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

வடிவங்களுக்குப் பெயர் இல்லை

தொகுசுற்று அடுக்கடுக்காக உருவாக்கப்படுகின்றது. ஒவ்வோர் அடுக்கிற்கும் உரிய வடிவங்கள் கணினிக் கோப்பில் பல்கோணங்களாக எழுதப்பட்டு, அவற்றிலிருந்து ஒளிமறைப்புகள் செய்யப்படுகின்றன. இதற்கு நெடுங்காலமாகப் பயன்படும் கோப்பு வடிவம், கால்மா நிறுவனம் 1978இல் அறிமுகப்படுத்திய ஜி.டி.எஸ். 2 ஆகும். பல்கோணம், பாதை, உட்கூறுகளை நிறுவும் குறிப்பு, எழுத்துக் குறி ஆகியவை இதன் முதன்மையான உறுப்புகள். பல்கோணம் ஒன்றைப் பற்றி இக்கோப்பு கூறுவன அடுக்கு எண், தரவுவகை எண், மூலைகளின் ஆயங்கள் ஆகியவையே. அப்பல்கோணம் எந்த மின்கணுவைச் சேர்ந்தது என்பதற்குக் கட்டாயமான இடம் எதுவும் இல்லை. கூடுதல் பண்புகளாகப் பெயரை எழுதி வைக்கலாம். ஆனால் கோப்பைப் படிக்கும் மற்றொரு மென்பொருள் அதனை மதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எழுத்துக் குறிகளும் ஆலைக்குப் பொருளற்றவை. திரையில் ஒரு மாழைத் தடத்தின் மீது 'கடிகாரம்' என்று எழுதியிருந்தால் அவ்வெழுத்து ஒளிமறைப்பில் இடம்பெறாது. (சில்லின் மேல் காணப்படும் நிறுவனப் பெயர், ஆண்டு முதலியன உண்மையான மாழை வடிவங்களாக வரையப்பட்டவை, அவை வேறு.) எனவே வடிவமைப்பாளர் கொடுக்கும் பெயர் எதுவாயினும், சில்லில் நிலைப்பது எது எதனைத் தொடுகின்றது என்பது மட்டுமே.

ஒதுக்கப்பட்ட கணுவும் பெறப்பட்ட கணுவும்

தளவமைப்பு மென்பொருள்கள் இணைப்பை இருவழிகளில் அறிகின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே புதிதாகக் கற்போர் செய்யும் பிழைகளுள் முதன்மையானது எனலாம்.

முதல் வழியில், பெயர் வடிவத்திற்கு முன்கூட்டியே வழங்கப்படுகின்றது. கேடன்சு நிறுவனத்தின் விர்ச்சுவோசோ போன்ற மென்பொருள்கள் சுற்றுப்படத்தைப் படித்து, அதிலுள்ள திரிதடையங்களைத் தளவமைப்பில் உருவாக்கி, ஒவ்வொன்றின் முனைக்கும் சுற்றுப்படத்தில் உள்ள கணுவின் பெயரை ஒதுக்குகின்றன. இன்னும் கம்பி போடப்படாத முனைகளுக்கிடையே மெல்லிய நேர்கோடுகள் காட்டப்படும். இவற்றைப் பறக்கும் கோடுகள் என்பர். கம்பியை ஒரு முனையிலிருந்து தொடங்கி வரைந்தால் அம்முனையின் பெயரை அது பெற்றுக்கொள்ளும். வேறு பெயருடைய வடிவத்தின் மேல் தவறுதலாக அதனை இழுத்துச் சென்றால் திரையில் எச்சரிக்கை தோன்றும். பயனரும் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குரிய கணுவைத் தாமே ஒதுக்கலாம்.

இரண்டாம் வழியில் பெயர் எதுவும் நம்பப்படுவதில்லை. தொடும் வடிவங்களை ஒன்றுசேர்த்து, கணுக்கள் வடிவியலிலிருந்தே பெறப்படுகின்றன. இதனைப் பிரித்தெடுப்பு என்பர்.

ஒதுக்கப்பட்ட கணு வடிவமைப்பாளரின் எண்ணம். பெறப்பட்ட கணு சில்லின் நிலை. ஒரு கம்பித் துண்டைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது பழைய கணுவின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டு வரலாம். கம்பியை ஒரு நானோமீட்டர் நகர்த்தி இணைப்பு அறுந்துபோனாலும், இரு துண்டுகளும் தத்தம் பெயரை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். பெயர்களை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆகையால், முதல் வழி வரையும்போது வழிகாட்டவும், இரண்டாம் வழி வரைந்து முடித்தபின் தீர்ப்புச் சொல்லவும் பயன்படுகின்றன.

பிரித்தெடுப்பு நடைபெறும் முறை

இதற்கு மென்பொருளுக்கு முதலில் தெரியவேண்டியது, எந்த அடுக்கு எந்த அடுக்கோடு எதன் வழியாக இணையும் என்பது. முதல் மாழை அடுக்கும் இரண்டாம் மாழை அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று கடந்து சென்றால் மட்டும் இணைவதில்லை. இடையில் காப்பு அடுக்கு உள்ளது. அவ்விடத்தில் அடுக்கிடைத் துளை ('வயா') இருந்தால்தான் இணையும். இவ்விதிகள் ஒவ்வோர் உருவாக்க நுட்பத்திற்கும் தனியாக எழுதப்படுகின்றன. கேலேஅவுட் என்னும் கட்டற்ற மென்பொருளில் இவை 'கனெக்ட்' என்ற கட்டளைகளாக எழுதப்படும்: முதல் மாழையைத் துளையோடு இணை, துளையை இரண்டாம் மாழையோடு இணை என்பதுபோல.

எடுத்துக்காட்டாக, இரண்டு உள்ளீடுகள் கொண்ட நேண்ட் ஏரணச் சுற்றைக் காண்போம். சிமாஸ் நுட்பத்தில் இதற்கு நான்கு திரிதடையங்கள் தேவை. மேலே பி-வகைத் திரிதடையங்கள் இரண்டு பக்க இணைப்பிலும், கீழே என்-வகைத் திரிதடையங்கள் இரண்டு தொடரிணைப்பிலும் அமையும். இதனைச் சிக்கனமாக வரைய, மேலே ஒரு பி-வகை விரவல் பட்டை, கீழே ஓர் என்-வகை விரவல் பட்டை, இரண்டையும் குறுக்கே கடந்து செல்லும் இரண்டு பல்படிகச் சிலிக்கான் பட்டைகள் ஆகியவை போதும். பல்படிகச் சிலிக்கான் விரவலைக் கடக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு திரிதடையத்தின் வாயில் ஆகின்றது.

இங்குதான் ஒரு நுட்பமான செய்தி உள்ளது. வரையும்போது விரவல் பட்டை ஒரே செவ்வகம். ஆனால் வாயிலுக்குக் கீழே உள்ள பகுதி கம்பி அன்று. அது திறந்து மூடும் மதகு போன்றது. ஆகவே விரவலிலிருந்து பல்படிகச் சிலிக்கான் மூடும் பகுதியைக் கழித்துவிட்டு, எஞ்சுவனவற்றையே கடத்திகளாகக் கொள்ள வேண்டும். அவ்வாறு கழிக்காவிட்டால் கீழ்ப்பட்டையில் தரையும் வெளியீடும் ஒன்றாகும்; மேல்பட்டையில் வெளியீடும் மின்வழங்கலும் ஒன்றாகும்; முடிவில் மின்வழங்கலும் தரையும் குறுக்குச் சுற்றாகத் தோன்றும். கழித்தபின் ஒவ்வொரு பட்டையும் மூன்று துண்டுகளாகின்றது.

இப்போது கடத்தித் துண்டுகளை எண்ணலாம். என்-வகை விரவலில் 3, பி-வகை விரவலில் 3, பல்படிகச் சிலிக்கானில் 2. முதல் மாழையில் மின்வழங்கல், தரை, வெளியீடு, இரண்டு உள்ளீடுகள் என 5. ஆக மொத்தம் 13 துண்டுகள். இவற்றை இணைக்கும் தொடுகைகள் 7: பி-வகை விரவலின் இரு ஓரங்களிலும் மின்வழங்கலுக்கு 2, அதன் நடுத்துண்டிலிருந்து வெளியீட்டிற்கு 1, என்-வகை விரவலின் இடத்துண்டிலிருந்து தரைக்கு 1, வலத்துண்டிலிருந்து வெளியீட்டிற்கு 1, இரு வாயில் பட்டைகளுக்கு 2.

தொடக்கத்தில் ஒவ்வொரு துண்டும் தனிக் குழு. ஒவ்வொரு தொடுகையும் இரு குழுக்களை ஒன்றாக்குகின்றது. 13 குழுக்களில் 7 முறை இணைத்தால் எஞ்சுவன 6. அவை மின்வழங்கல், தரை, இரண்டு உள்ளீடுகள், வெளியீடு, மேலும் கீழுள்ள இரு திரிதடையங்களுக்கு இடைப்பட்ட நடுக்கணு ஆகியவை. சுற்றுப்படத்திலும் கணுக்கள் ஆறே. வெளியீட்டுத் தொடுகைகளுள் ஒன்றை மறந்திருந்தால் 7 கணுக்கள் கிடைக்கும், சுற்று திறந்துள்ளது. வெளியீட்டு மாழை மின்வழங்கல் மாழையைத் தொட்டுவிட்டால் 5 கணுக்களே கிடைக்கும், குறுக்குச் சுற்று. (நடைமுறையில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று தொடுகைகளை இடுவது வழக்கம். ஏற்கெனவே ஒரே குழுவில் இருக்கும் துண்டுகளை மீண்டும் இணைப்பதால் கணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை.)

இவ்வாறு குழுக்களை இணைத்துக்கொண்டே செல்வதற்கான வினைச்சரம், பெர்னார்டு கேலர், மைக்கேல் ஃபிசர் ஆகியோர் 1964இல் வெளியிட்ட தரவுக் கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்டது. 1975இல் ராபர்ட் டார்ஜான், இம்முறையில் ஒவ்வோர் இணைப்பிற்கும் ஆகும் சராசரிச் செலவு ஏறத்தாழ மாறிலியே என்று நிறுவினார். கோடிக்கணக்கான வடிவங்கள் கொண்ட சில்லிலும் குழுக்களை இணைக்கும் பகுதி விரைவாக முடிவது இதனாலேயே. நேரத்தை விழுங்குவது எந்த வடிவம் எந்த வடிவத்தைத் தொடுகின்றது என்று கண்டறியும் வடிவியல் பகுதியே ஆகும்.

பெயர் சூட்டுதல்

பிரித்தெடுப்பில் கிடைத்த ஆறு கணுக்களுக்கும் இதுவரை பெயர் இல்லை. மாழையின் மேல் வைக்கப்பட்ட எழுத்துக் குறிகளே பெயர்களைக் கொடுக்கின்றன. குறியின் நங்கூரப் புள்ளி எந்த வடிவத்தின் மேல் விழுகின்றதோ அவ்வடிவத்தின் கணு அப்பெயரைப் பெறும். பெரிய எழுத்துகளில் தடம் முழுவதையும் மூடுமாறு எழுதியிருந்தாலும், நங்கூரப் புள்ளி தடத்திற்கு வெளியே இருந்தால் பெயர் சேராது. குறியின் அடுக்கு எண்ணும் பொருந்த வேண்டும். முதல் மாழைக்கு உரிய குறியை இரண்டாம் மாழைக்கு உரிய அடுக்கில் எழுதினால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பெயர் மென்பொருளுக்கு அந்தரத்தில் தொங்குவதாகவே தெரியும்.

குறி இல்லாத கணுவிற்கு மென்பொருள் தானே ஓர் எண்ணைப் பெயராக வைத்துக்கொள்ளும். மேற்கண்ட நடுக்கணு பெரும்பாலும் அவ்வாறே விடப்படுகின்றது. அதில் தவறேதும் இல்லை.

ஒரே கணுவின் மேல் இரு வேறு பெயர்கள் விழுந்தால், அது குறுக்குச் சுற்றின் அறிகுறி. மென்பொருள் ஒரு பெயரை ஏற்று மற்றொன்றை எச்சரிக்கையாகக் காட்டும். மின்வழங்கலும் தரையும் குறுக்குச் சுற்றாகும்போது பிழை எங்கே என்று தேடுவது கடினம். ஏனெனில் அவ்விரண்டும் சில்லு முழுவதும் பரவிக் கிடக்கின்றன, ஆயிரக்கணக்கான வடிவங்கள் ஒரே கணுவாகக் காட்டப்படுகின்றன. ஆங்காங்கே கூடுதல் குறிகளை இட்டு, இரு வேறு பெயர்க் குறிகளுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியைக் காட்டச் செய்வது ஒரு வழக்கமான உத்தி.

எழுத்து வேறுபாடும் தொல்லை தரும். வெரிலாக் மொழியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு. பெர்க்கிலியில் 1970களில் உருவான ஸ்பைசு வழியில் எழுதப்படும் இணைப்புப் பட்டியலில் பொதுவாக இரண்டும் ஒன்று. எனவே எழுத்தளவில் மட்டும் வேறுபடும் இரு கணுக்கள், ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஒன்றாகிவிடலாம். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடே இல்லாததால் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பெயரிடும்போது எழுத்தளவை மட்டும் நம்பி வேறுபடுத்தாதிருத்தல் நன்று.

பெயரால் இணைத்தல்

இனி, இரண்டு தனித்தனி மாழைத் துண்டுகள் 'தரை' என்ற ஒரே பெயரைப் பெற்றிருந்தால் என்ன செய்வது? அவை ஒன்றையொன்று தொடவில்லை. கறாராகப் பார்த்தால் இது திறந்த சுற்று. ஆனால் பெரிய சுற்றின் ஒரு கூறை மட்டும் தனியே சரிபார்க்கும்போது இந்நிலை இயல்பானது; இரு துண்டுகளும் கூறுக்கு வெளியே, மேல்மட்டத்தில் இணைக்கப்பட இருக்கின்றன. இதற்காகப் பல மென்பொருள்கள், ஒரே பெயருடைய துண்டுகளை இணைந்தவையாகவே கருதும் வசதியைத் தருகின்றன. இதனை மெய்ந்நிகர் இணைப்பு எனலாம்.

இவ்வசதி பயனுள்ளது, அதே அளவிற்கு இடர் நிறைந்தது. இங்கு ஓர் எழுத்துக் குறி கம்பியின் வேலையைச் செய்வதாகப் பாவிக்கப்படுகின்றது. முழுச் சில்லின் இறுதிச் சரிபார்ப்பிலும் இதனை அணைக்க மறந்தால், மின்வழங்கல் சென்று சேராத பகுதியொன்று 'சரி' என்ற முத்திரையோடு ஆலைக்குப் போய்விடும். கூறுகளைச் சரிபார்க்கும்போது எந்தக் கணுக்களுக்கு இச்சலுகை என்று பெயர் குறித்துக் கொடுப்பதும், மேல்மட்டத்தில் ஒன்றிற்கும் கொடாமலிருப்பதுமே பாதுகாப்பான வழக்கம்.

இதனினும் மறைவானது மென்னிணைப்பு எனப்படுவது. என்-வகைக் கிணறு ஒன்றில் இரு தொடுகைகள் இருந்து, அவற்றுள் ஒன்றன் மேலுள்ள மாழை மட்டும் மின்வழங்கலோடு இணைந்திருப்பதாகக் கொள்வோம். மற்றொரு தொடுகையின் மாழை கிணற்றின் வழியாகவே மின்வழங்கலை அடைகின்றது. கிணறும் கடத்துமாதலால் கணு ஒன்றே என்று பிரித்தெடுப்பு கூறும். ஆனால் மாழையின் தடை சதுரம் ஒன்றுக்கு 0.1 ஓம் அளவிலும், கிணற்றின் தடை சதுரம் ஒன்றுக்கு ஆயிரம் ஓம் அளவிலும் இருக்கும். அந்த மாழையிலிருந்து மின்னோட்டம் எடுக்கும் திரிதடையங்கள் போதிய மின்னழுத்தம் இன்றித் தடுமாறும். ஆகவே கிணற்றையும் அடித்தளத்தையும் ஒருவழி இணைப்பாகக் கொண்டு, மேலிருந்து கீழே பெயர் செல்லலாம், கீழிருந்து மேலே வரலாகாது என்று விதி எழுதுவர்.

படிநிலை அமைப்பு

நினைவகச் சில்லில் ஒரே நினைவுக்கூறு இலட்சக்கணக்கில் அடுக்கப்படுகின்றது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தெடுப்பது வீண். கூறை ஒருமுறை பிரித்தெடுத்து, அதன் எல்லையில் உள்ள முனைகளை மட்டும் மேல்மட்டத்தில் இணைப்பதே முறை. ஆறு திரிதடையங்கள் கொண்ட நிலை நினைவுக்கூறில் சொல்தடம், இருமத்தடம் ஆகியவை கூறின் ஓரம்வரை வரையப்பட்டு நின்றுவிடும். பக்கத்துக் கூறை ஒட்டி வைக்கும்போதுதான் அவை நீண்ட ஒற்றைக் கணுவாகின்றன. கூறுகளின் இடைவெளியில் ஓர் ஆய அலகு, அதாவது பெரும்பாலும் ஒரு நானோமீட்டர், பிசகினால் வரிசை முழுவதும் துண்டுதுண்டாகிவிடும். திரையில் அவ்விடைவெளி தெரியாது.

சுற்றுப்படத்தோடு ஒப்பிடுதல்

பெறப்பட்ட இணைப்புப் பட்டியலைச் சுற்றுப்படத்தின் இணைப்புப் பட்டியலோடு ஒப்பிடும் பணி 'எல்.வி.எஸ்.' என்று சுருக்கமாக வழங்கப்படுகின்றது. இது பெயர்களை ஒப்பிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. சாதனங்களும் கணுக்களும் ஒரு கோட்டுருவின் புள்ளிகளாகக் கொள்ளப்பட்டு, இரு கோட்டுருக்களும் ஒரே அமைப்புடையனவா என்று பார்க்கப்படுகின்றது. முதலில் ஒவ்வொரு கணுவிற்கும் அதில் சேரும் முனைகளின் வகையையும் எண்ணிக்கையையும் கொண்டு ஓர் அடையாள எண் வழங்கப்படும். பின்னர் அண்டைப் புள்ளிகளின் எண்களைக் கலந்து அது மீண்டும் மீண்டும் திருத்தப்படும். இரு பக்கமும் தனித்தன்மையுடைய எண் பெற்ற புள்ளிகள் இணை சேர்க்கப்படும். கார்ல் எபலிங் 1980களில் உருவாக்கிய ஜெமினி என்னும் நிரல் இவ்வணுகுமுறையில் முன்னோடியானது. சமச்சீர் காரணமாக எண்கள் வேறுபடாத இடங்களில்தான் பெயர்கள் துணைக்கு வருகின்றன. நேண்ட் சுற்றின் இரு உள்ளீடுகளும் இடம் மாறியிருந்தால் ஏரணப்படி வேறுபாடு இல்லை. எனவே அதனைப் பிழையாகக் கொள்ளாதிருக்குமாறு விதி எழுதலாம்.

பாதி கட்டிய கணு

முடிவுற்ற சில்லில் ஒரு கணுவாக இருப்பது, உருவாக்கத்தின் இடையில் பல கணுக்களாக இருக்கும். முதல் மாழையைப் பொறிக்கும்போது இரண்டாம் மாழை இன்னும் பிறக்கவில்லை. நீண்ட முதல் மாழைத் தடமொன்று ஒரு வாயிலோடு மட்டும் இணைந்திருந்தால், பொறிக்கப் பயன்படும் பிளாசுமாவிலிருந்து அது மின்னூட்டத்தைத் திரட்டி, வாயிலின் மெல்லிய ஆக்சைடைச் சிதைக்கக்கூடும். இதனை அலைவாங்கி விளைவு என்பர். பின்னாளில் இரண்டாம் மாழை வழியாக அக்கணு ஒரு விரவலோடு சேர்ந்து மின்னூட்டத்தை வெளியேற்றும் என்பது அந்நேரத்தில் உதவாது. ஆகவே இவ்விதியைச் சரிபார்க்கும் மென்பொருள், முதல் மாழைவரை மட்டும் ஒருமுறை, இரண்டாம் மாழைவரை ஒருமுறை என்று கணுக்களைத் திரும்பத் திரும்பப் பெற்று, ஒவ்வொரு கட்டத்திலும் மாழைப் பரப்பிற்கும் வாயில் பரப்பிற்கும் உள்ள விகிதத்தைக் கணிக்கின்றது. வாயிலுக்கு அருகிலேயே தடத்தை வெட்டி மேல் அடுக்கிற்கு ஏற்றி இறக்குவதும், ஓர் இருமுனையத்தைச் சேர்ப்பதும் இதற்கான தீர்வுகள்.

மென்பொருள்கள்

1970களின் தொடக்கத்தில் தளவமைப்பு கையால் வரையப்பட்டு, சிவப்புப் படலத்தில் வெட்டப்பட்டது. சுற்றுப்படத்தின் ஒவ்வொரு கோட்டையும் தளவமைப்பில் கண்ணால் தொடர்ந்து சென்று, சரிபார்த்ததை வண்ணப் பென்சிலால் தீட்டிக்கொள்வர். கணினி வழிப் பிரித்தெடுப்பு பின்னர் அப்பணியை ஏற்றது.

பெர்க்கிலியில் 1980களின் முற்பகுதியில் ஜான் ஔசுட்டர்கௌட்டும் அவர் மாணவர்களும் உருவாக்கிய மாசிக், வடிவங்களை மூலைத்தையல் என்னும் முறையில் சேமிக்கின்றது. அண்டை ஓடுகளை நேரடியாகச் சுட்டும் இம்முறை இணைப்பைத் தொடர்வதற்கு ஏற்றது. அதில் ஒரு வடிவத்தின் மேல் சுட்டியை வைத்து 's' விசையை மும்முறை அழுத்தினால், முதலில் அவ்வடிவமும், பின்னர் அதே அடுக்கில் தொடர்வனவும், இறுதியில் கணு முழுவதும் தேர்ந்தெடுக்கப்படும். கற்போருக்கு இதனைவிட எளிய விளக்கம் கிடைப்பது அரிது. சிடீவன் ரூபின் உருவாக்கிய எலெக்ட்ரிக் மாறான வழியில் செல்கின்றது. அதில் கம்பியை இரு முனைகளுக்கிடையே இணைப்பாகவே வரைய வேண்டும். இரு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும், இணைப்பாக வரையாதவரை அவை ஒரே கணுவாகக் கொள்ளப்படுவதில்லை.

கூகுளும் ஸ்கைவாட்டரும் 2020இல் 130 நானோமீட்டர் நுட்பம் ஒன்றின் விதிகளைப் பொதுவில் வெளியிட்டன. அதில் முதல் மாழையின் அடுக்கு எண் 68. தரவுவகை 20 வரைந்த மாழையையும், 16 முனையையும், 5 எழுத்துக் குறியையும், 44 இரண்டாம் மாழைக்கு ஏறும் துளையையும் குறிக்கும். மாசிக்கையும் கேலேஅவுட்டையும் கொண்டு மேற்கண்ட நேண்ட் சுற்றை இந்நுட்பத்தில் வரைந்து பார்க்க விரும்பும் மாணவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அதில் பல்படிகச் சிலிக்கானுக்கும் முதல் மாழைக்கும் இடையே 67 என்னும் எண்ணுடைய உள்ளிட இணைப்பு அடுக்கு ஒன்று கூடுதலாக உள்ளது. எனவே துண்டுகளின் எண்ணிக்கையும் தொடுகைகளின் எண்ணிக்கையும் கூடும். கணுக்கள் ஆறாகவே இருக்கும்.